டபிள்யூஆர் போட்டீங்களா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் சார், ஓசூர்ல ஒரு ஃபேக்டரில ஐடி பாத்துக்கறேன். போன வாரம் சிஸ்கோ 2960 நெட்வொர்க் ஸ்விட்ச்ல அக்கவுண்ட்ஸ், சிசிடிவி, ஆபீஸ்னு மூணு விலான் (ஒரே ஸ்விட்ச்ச தனித்தனி நெட்வொர்க்கா பிரிக்கறது) போட்டு போர்ட் எல்லாம் பிரிச்சு விட்டேன், நாலு நாள் ஒழுங்கா ஓடுச்சு. ஞாயித்துக்கிழமை கரண்ட் போய் யூபிஎஸ்ஸும் தீந்து ஸ்விட்ச் ஆஃப் ஆகிருச்சு. திங்கக்கிழமை வந்து பாத்தா விலான் பேரு மூணும் அப்படியே இருக்கு, ஆனா எல்லா போர்ட்டும் விலான் 1-ல கெடக்கு. பாதி மட்டும் எப்படி அழியும்? ஸ்விட்ச் போச்சா?
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: ஸ்விட்ச்சுக்கு ஒண்ணும் ஆகல தம்பி, நீங்க டபிள்யூஆர் போடல, அதாவது 'ரைட் மெமரி'ங்கற சேவ் பண்ற கட்டளைய. நீங்க டைப் பண்றது எல்லாம் ரன்னிங் கான்ஃபிக்ல (இப்ப ஓடற செட்டிங்ஸ்ல), அதாவது ரேம்ல மட்டும்தான் நிக்கும், கரண்ட் போனா அதுவும் போயிரும். 'ரைட் மெமரி' குடுத்தாதான் அது ஃபிளாஷ்ல கான்ஃபிக்.டெக்ஸ்ட்ங்கற ஃபைலா உக்காரும், அடுத்த தடவை ஸ்விட்ச் எந்திரிக்கும்போது அதைத்தான் படிக்கும். நீங்களா ரீலோட் குடுத்தா "மாத்தியிருக்கே, சேவ் பண்ணட்டுமா"ன்னு ஒரு வார்த்தை கேக்கும், கரண்ட் கட் யாரையும் கேக்காது.

பாதி மட்டும் எப்படின்னு கேட்டீங்க பாருங்க, அங்கதான் நிறைய பேர் தடுமாறறாங்க. விடிபி (ஸ்விட்ச்சுகளுக்கு நடுவுல விலான் பட்டியல பகிர்ந்துக்கற வசதி) சர்வர் மோட்ல இருந்தா (டீஃபால்ட்டே அதுதான்) விலானோட நம்பரும் பேரும் விலான்.டாட் (vlan.dat)ங்கற தனி ஃபைல்ல போய் தானா சேவ் ஆகிரும், அதுக்கு டபிள்யூஆர் தேவையில்ல. ஆனா எந்த போர்ட் எந்த விலான்ங்கறது கான்ஃபிக்ல இருக்கற விஷயம். அதனாலதான் பேரு தங்குச்சு, போர்ட் போச்சு.

இதோட மறுபக்கம் இன்னும் மோசம். ஒரு ஆஸ்பத்திரில செத்துப்போன ஸ்விட்ச்சுக்கு பதிலா ஸ்பேர் ஒண்ண மாட்டினேன், கான்ஃபிக் பேக்கப் கையில இருந்துச்சு, அத ஸ்டார்ட்அப் கான்ஃபிக்கா ஏத்தி ஆன் பண்ணேன், ஒரு பிசி கூட பேசல. ஷோ ரன்ல (ஓடற கான்ஃபிக்க காட்டற கட்டளை) வரிக்கு வரி எல்லாம் சரியா இருக்கு, நர்ஸ் ஸ்டேஷன்ல ஆளுங்க ரிப்போர்ட் வரலன்னு நிக்கறாங்க, எனக்கு கையெல்லாம் நடுங்குது. ஷோ இன்டர்ஃபேஸ் ஸ்விட்ச்போர்ட் போட்டு பாத்தப்பதான் விலான் 20 பக்கத்துல இன்ஆக்டிவ்னு ஒரு வார்த்தை கண்ணுல பட்டுச்சு. பழைய ஸ்விட்ச்சோட விலான்.டாட் புதுசுல இல்ல, விலானே இல்லாத எடத்துல போர்ட் இருந்து என்ன பண்ணும்? விலான கையால போட்டதும் எல்லாம் வந்துருச்சு. அன்னைலேர்ந்து பேக்கப்னா எனக்கு ரெண்டு ஃபைல்தான். விடிபிய டிரான்ஸ்பரன்ட் மோட்ல வெச்சா விலான் வரிகளும் கான்ஃபிக்லயே தெரியும், சின்ன ஆபீஸுக்கு நான் அதைத்தான் சொல்லுவேன்.

கேள்வி: காலேஜ் லேப் ஸ்விட்ச்ல புது ஐஓஎஸ் (சிஸ்கோ ஸ்விட்ச்சோட ஆபரேட்டிங் சிஸ்டம்) ஏத்த ஃபிளாஷ்ல எடம் பத்தலன்னு பழச டெலீட் பண்ணிட்டு டிஎஃப்டிபில (நெட்வொர்க் வழியா ஃபைல் அனுப்பற முறை) காப்பி போட்டேன், பாதில நின்னுருச்சு, பதட்டத்துல ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன். இப்ப கன்சோல்ல 'ஸ்விட்ச்:'னு மட்டும் வருது. காப்பாத்த முடியுமா அண்ணா?
– ஒரு லேப் அசிஸ்டன்ட், நாகர்கோவில்

பதில்: முடியும், கவலப்படாதீங்க. அது பூட்லோடர் (ஐஓஎஸ்ஸ ஏத்தி விடற சின்ன புரோகிராம்), அதாவது ஸ்விட்ச் உயிரோடதான் இருக்கு, ஏத்தறதுக்கு இமேஜ் (ஐஓஎஸ் ஃபைல்) இல்லாம நிக்குது. ஃபிளாஷ்_இனிட் குடுங்க, டைரக்டரி பாத்து அரகொறயா நிக்கற ஃபைல டெலீட் பண்ணுங்க, அப்புறம் கன்சோல் கேபிள் வழியாவே எக்ஸ்மோடம்ல அனுப்பணும். கன்சோல் வேகம் 9600, அதுல செகண்டுக்கு 960 பைட்தான் போகும், 12 எம்பி இமேஜ்னா மூணரை மணி நேரத்துக்கு மேல உக்காந்திருக்கணும். அதனால முதல்ல செட் பாட் (set BAUD) 115200 குடுத்து, உங்க டெர்மினல்லயும் அதே வேகம் வெச்சுட்டு அனுப்புங்க, இருபது நிமிஷம் பக்கத்துல முடிஞ்சிரும். முடிஞ்சதும் மறக்காம அன்செட் பண்ணி 9600-க்கே கொண்டு வந்துருங்க, இல்லன்னா அடுத்து கன்சோல் சொருகறவருக்கு திரை முழுக்க கிறுக்கலா வரும், அவரு கேபிள் போச்சுன்னு நெனச்சு அலைவாரு.

அடுத்த தடவை, ஓடிட்டு இருக்கற இமேஜ தொடாதீங்க. எடம் வேணும்னா வேற எங்கயாவது பாருங்க, ஃபிளாஷ்ல வெப் பேஜ் ஃபைல் இருக்கற ஹெச்டிஎம்எல் ஃபோல்டர் சும்மா கெடக்கும், அத எடுத்துரலாம். புதுசு வந்ததும் வெரிஃபை எம்டி5 போட்டு சிஸ்கோ சைட்ல போட்டிருக்கற எண்ணோட ஒப்பிட்டு பாருங்க, பூட் சிஸ்டம்ல புது பேர குடுத்து ஷோ பூட்ல எழுத்துக்கு எழுத்து சரி பாருங்க, அதுக்கப்புறம்தான் ரீலோட். பழச ஒரு வாரம் கழிச்சு தூக்கிக்கலாம்.

கேள்வி: பேக்கப் கான்ஃபிக்க டீம் வாட்ஸ்அப் குரூப்ல போட்டு வெச்சிருக்கோம், பாஸ்வேர்ட் எல்லாம் என்கிரிப்ட் ஆகித்தானே இருக்கு, தப்பா?
– ஒரு வாசகர், கோவை

பதில்: தப்பு, இன்னைக்கே எடுத்துருங்க. டைப் 7-னு இருக்கற பாஸ்வேர்ட் வெறும் மறைப்புதான், அத ஒரு நொடில திருப்பிரலாம். எனேபிள் சீக்ரெட் (அட்மின் பாஸ்வேர்ட அப்படி லேசா திருப்ப முடியாத மாதிரி வெக்கற கட்டளை) வெச்சு, பேக்கப்ப எஸ்சிபில (என்கிரிப்ட் பண்ணி ஃபைல் அனுப்பற முறை) ஒரு பூட்டின சர்வருக்கு அனுப்புங்க, டிஎஃப்டிபில பாஸ்வேர்டே கெடையாது. ஸ்விட்ச் நிறைய இருந்தா ரான்சிட் இல்லன்னா ஆக்ஸிடைஸ்ட்ங்கற பேக்கப் சாஃப்ட்வேர் போடுங்க, ரெண்டும் இலவசம், எந்த வரி எப்ப மாறுச்சுன்னு காட்டும். 2018 ஏப்ரல்ல ஈரான்ல ஸ்மார்ட் இன்ஸ்டால்ங்கற சிஸ்கோ வசதி (புது ஸ்விட்ச்ச தூரத்துலேர்ந்தே செட் பண்றது) வழியா புகுந்து ஸ்விட்ச்சுகளோட கான்ஃபிக்க அழிச்சு அமெரிக்கக் கொடிய வரைஞ்சுட்டு போனாங்க, வெளிய பேக்கப் வெச்சிருந்தவங்களுக்குத்தான் சீக்கிரம் எந்திரிக்க முடிஞ்சிருக்கும். நீங்க அந்த வசதிய பயன்படுத்தலன்னா 'நோ விஸ்டாக்' போட்டு டிசிபி 4786 போர்ட்ட (கேபிள் சொருகற போர்ட் இல்ல, நெட்வொர்க் போர்ட் நம்பர்) மூடிருங்க.

கேள்வி: பிராஞ்ச் ஸ்விட்ச்ச இங்கிருந்தே மாத்தும்போது லிங்க் அறுந்துருமோன்னு பயமா இருக்கு சார்.
– ஒரு வாசகி, மதுரை

பதில்: மாத்தறதுக்கு முன்னாடி டபிள்யூஆர் போட்டுட்டு 'ரீலோட் இன் 10' குடுங்க மேடம். லிங்க் அறுந்தா பத்து நிமிஷத்துல ஸ்விட்ச் தானா ரீபூட் ஆகி பழைய கான்ஃபிக்கோட வந்துரும். ஜூனிப்பர் கம்பெனி ஸ்விட்ச்னா கமிட் கன்ஃபர்ம்ட், நீங்க உறுதி பண்ணலன்னா தானா பழசுக்கு திரும்பிரும், அதுக்கு ரீபூட்டே வேண்டாம். ஒண்ணு மட்டும், மாத்தினது சரியா ஓடுதான்னு பாக்காம நடுவுல சேவ் பண்ணிராதீங்க, அப்படி பண்ணா திரும்பிப் போக பழசு இருக்காது. எல்லாம் சரின்னா முதல்ல 'ரீலோட் கேன்சல்', அப்புறம் டபிள்யூஆர்.