பெர்லினில் டெக்னோ, ஹவுஸ் இசைத்தட்டுகள் எங்கே வாங்குவது? கேள்வி பதில்

பெர்லினில் குடியிருந்து, டெக்னோ, ஹவுஸ் போன்ற மின்னணு நடன இசைத்தட்டுகளை விடாமல் வாங்கி வருபவன் என்பதால், அங்கே பயணம் போகிறவர்களும் புதிதாகக் குடியேறியவர்களும் பல கேள்விகள் அனுப்பியிருந்தீர்கள். ஒரே விஷயத்தைக் கேட்டவற்றைச் சேர்த்து, சுருக்கிக் கொடுத்திருக்கிறேன்.

அண்ணா, இரண்டே நாள்தான் பெர்லினில் இருப்பேன். ஒரே ஒரு கடைக்குத்தான் நேரம் இருக்கிறது. எங்கே போகட்டும்? (முனிச்சில் படிக்கும் மாணவர்)

ஹார்ட் வாக்ஸ். யோசிக்கவே வேண்டாம், தம்பி.

மார்க் எர்னெஸ்டஸ் 1989-இல் தொடங்கிய கடை. பெர்லின் சுவர் விழுந்த அதே ஆண்டு. அமெரிக்காவில் டெட்ராய்ட்டிலும் சிகாகோவிலும் சின்னச் சின்ன நிறுவனங்கள் வெளியிட்ட தட்டுகளை வரவழைத்து, புதிதாக முளைத்த பெர்லின் கிளப்புகளின் டிஜேக்கள் கையில் கொடுத்த இடம் இது. டிஜே ஹெல், எலெக்ட்ரிக் இண்டிகோ, மார்செல் டெட்மன் போன்றவர்கள் இங்கே விற்பனையாளர்களாக வேலை பார்த்தவர்கள். எர்னெஸ்டஸும் மோரிட்ஸ் வான் ஆஸ்வால்டும் 1993-இல் தொடங்கிய பேசிக் சேனல் என்ற இரட்டையர் குழு, டெக்னோவுக்குள் ஜமைக்காவின் டப் இசையைக் கொண்டுவந்து கலந்தது. அதனால்தான் இந்தக் கடையில் டெக்னோவுக்குப் பக்கத்திலேயே ரெகேயும் டப்பும் நிறைய இருக்கின்றன. டெக்னோ தேடி வந்தாலும் அந்த அலமாரிகளைத் தவறவிடாதீர்கள்.

கடை பெரியது அல்ல. அதுதான் அதன் பலம். உலகத்தில் வெளிவருகிற எல்லாவற்றையும் அடுக்கி வைப்பதில்லை. கேட்டு, கழித்து, எஞ்சியதைத்தான் வைக்கிறார்கள். நல்ல இசைத்தட்டுக் கடையில் நாம் காசு கொடுப்பது தட்டுக்கு மட்டுமல்ல, நமக்கு முன்பே உட்கார்ந்து கேட்டவரின் காதுக்கும் சேர்த்துத்தான். கீழே நான் சொல்லும் எந்தக் கடைக்கும் இதே அளவுகோல்தான்.

என்னிடம் உள்ள பயண வழிகாட்டியில் ஹார்ட் வாக்ஸ் கால்வாய்க் கரையில் இருப்பதாகப் போட்டிருக்கிறது. இணையத்தில் வேறு முகவரி வருகிறது. எது சரி? (கோயம்புத்தூர்)

இணையத்தில் வருவதுதான். க்ராய்ட்ஸ்பெர்க்கில் பால் லின்க்கே கரையோரம், ஒரு முற்றத்தைத் தாண்டிப் படியேறிப் போகும் இடத்தில் நெடுங்காலம் இருந்தது. பழைய புத்தகங்கள் அதையே சொல்லும். இப்போது கோபெனிக்கர் ஸ்ட்ராசேயில் உள்ள கிராஃப்ட்வெர்க் கட்டடத்துக்கு மாறிவிட்டது. யூ8 சுரங்க ரயில் பாதையில் ஹைன்ரிஷ் ஹைனே ஸ்ட்ராசே நிலையத்தில் இறங்கி நடக்கலாம்.

கிழக்கு பெர்லின் காலத்து அனல் நிலையம் அது. அதே கட்டடத்தில்தான் 2007 முதல் ட்ரெசோர் கிளப்பும் இருக்கிறது. ட்ரெசோர் 1991-இல் லைப்சிகர் ஸ்ட்ராசேயில், போருக்கு முந்தைய வெர்ட்ஹைம் பல்பொருள் அங்காடியின் நிலவறைப் பெட்டகத்தில் தொடங்கியது. கிளப்பின் பெயரில் வந்த முதல் இசைத்தட்டே டெட்ராய்ட்டின் அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் குழுவினர் செய்தது. அந்தத் தட்டுகளைப் பழக்கிவிட்ட கடையும், அவை ஒலித்த கிளப்பும் இன்று ஒரே கூரையின் கீழ் இருப்பதில் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி.

இந்த மாதிரிக் கடைகளில் புதியவர்களை மதிக்க மாட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். உள்ளே போகவே தயக்கமாக இருக்கிறது. (சென்னை)

பெர்லின்காரர்கள் பொதுவாகவே சிரித்து வரவேற்கும் பழக்கம் இல்லாதவர்கள். அதை அவமதிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நுழைந்ததும் ஒரு ஹலோ, கிளம்பும்போது ஒரு ச்சூஸ். அங்கே அது அடிப்படை மரியாதை. ஆங்கிலத்தில் தாராளமாகப் பேசலாம்.

உதவி கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "நல்ல டெக்னோ எது?" என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. உங்களுக்குப் பிடித்த இரண்டு கலைஞர்களின் பெயரைச் சொல்லி, "இவர்களைப் போல, ஆனால் இன்னும் மெதுவாக" என்று கேட்டுப் பாருங்கள். கல்லாவில் முகம் கொடுக்காமல் இருந்தவர் எழுந்து வந்து கை நிறையத் தட்டுகளை எடுத்துத் தருவார்.

கடையில் போட்டுக் கேட்டுப் பார்க்கலாமா? அதற்குத் தனியாகக் கட்டணம் உண்டா? என்ன முறை? (ஸ்டுட்கார்ட்)

கட்டணம் கிடையாது. கேட்காமல் வாங்குவதுதான் தவறு. டர்ன்டேபிளும் ஹெட்போனும் வைத்திருப்பார்கள். அலமாரியில் புரட்டி, பிடித்தவற்றை ஒரு சிறு அடுக்காக எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள். நாற்பது தட்டுகளை அள்ளிக்கொண்டு போனால் பின்னால் நிற்பவருக்கு இடைஞ்சல். பத்துப் பன்னிரண்டு போதும்.

தட்டின் ஓரத்தையும் நடு லேபிளையும் மட்டும் தொடுங்கள். பள்ளங்களில் விரல் படக் கூடாது. தட்டைச் சுழலவிட்டு ஊசியைக் கையால் முன்னும் பின்னும் இழுத்துத் தேய்க்காதீர்கள். தூக்கி வேறு இடத்தில் வையுங்கள். டெக்னோ தட்டின் தொடக்கம் பெரும்பாலும் வெறும் தாளமாகத்தான் இருக்கும், மற்றொரு தட்டோடு டிஜே கலப்பதற்காக விட்ட இடம் அது. அதை மட்டும் கேட்டு ஒதுக்கிவிட்டால் நல்லவற்றை இழப்பீர்கள். முதலில் நடுவில் வையுங்கள், பிறகு முக்கால் பகுதியில். மனம் நின்றால் தொடக்கத்திலிருந்து முழுதாகக் கேளுங்கள். இரண்டு பக்கமும் கட்டாயம் கேளுங்கள். விற்பனைக்காக முன்பக்கம் வைக்கும் பாடலைவிட, பி பக்கத்தின் இரண்டாவது பாடல் பல வருடம் கூட வரும்.

இன்னொன்று: வேகம். பன்னிரண்டு அங்குலத் தட்டுகளில் நிமிடத்துக்கு 45 சுற்று சுழல்பவையும் உண்டு, 33 சுற்று சுழல்பவையும் உண்டு. குறிப்பு எதுவும் இல்லாத வெள்ளை லேபிள் ஒட்டிய தட்டுகள் அதிகம். இரண்டிலும் போட்டுப் பாருங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் கேளுங்கள்.

வேண்டாதவற்றை எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும். இடம் நினைவில்லை என்றால் கல்லாவில் கொடுத்துவிடுங்கள். தவறான பிரிவில் செருகிய தட்டு அந்தக் கடையில் தொலைந்த தட்டுக்குச் சமம்.

எனக்கு டெக்னோ கொஞ்சம் இறுக்கமாகத் தோன்றுகிறது. ஹவுஸ், டிஸ்கோ பக்கம் எங்கே? (பாரிஸ்)

ப்ரென்ஸ்லாவர் பெர்க்கில் ஓடர்பெர்கர் ஸ்ட்ராசேயில் ஓயே ரெக்கார்ட்ஸ் இருக்கிறது. 2002 முதல் இயங்கும் கடை. ஹவுஸ், டிஸ்கோ, ஜாஸ், ஆப்பிரிக்க, பிரேசில் இசை எல்லாம் அங்கே ஒரே குடும்பமாக இருக்கும். யூ2 பாதையில் எபெர்ஸ்வால்டர் ஸ்ட்ராசே நிலையம் பக்கம்.

க்ராய்ட்ஸ்பெர்க்கில் சோஸ்ஸெனர் ஸ்ட்ராசேயில் ஸ்பேஸ் ஹால் உள்ளது. யூ7, க்னைசெனாவ் ஸ்ட்ராசே நிலையம். நான் சொல்பவற்றில் இதுதான் விரிந்த கடை. ராக்கும் பாப்பும் உண்டு. நீங்கள் நேராக மின்னணு இசைப் பகுதிக்குப் போய்விடுங்கள். புதியது, பழையது இரண்டும் கிடைக்கும். எந்த வகை பிடிக்கும் என்று இன்னும் தெரியாதவர்களுக்கு ஹார்ட் வாக்ஸைவிட இதையே முதலில் சொல்வேன். அரை நாள் ஒதுக்குங்கள். பழைய அபூர்வத் தட்டுகளும் மறுபதிப்புகளும் வேண்டுமானால் அதே க்ராய்ட்ஸ்பெர்க்கின் ரைஷென்பெர்கர் ஸ்ட்ராசேயில் சவுண்ட் மெட்டாஃபர்ஸ் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை வந்து இரவு கிளம்புகிறேன். (ஆம்ஸ்டர்டாம்)

ஜெர்மனியில் ஞாயிறு அன்று கடைகள் மூடியிருக்கும். முடிந்தால் பயணத்தை மாற்றுங்கள். முடியாவிட்டால் மாவர்பார்க், பாக்ஸ்ஹாகனர் பிளாட்ஸ் இரண்டு இடங்களிலும் ஞாயிறு பழம்பொருள் சந்தை உண்டு, தட்டுப் பெட்டிகளோடு ஆட்கள் வருவார்கள். கிடைப்பது அன்றைய யோகம். மற்ற நாட்களிலும் காலை பத்து மணிக்குப் போய்க் கதவு முன் நிற்காதீர்கள். இந்தக் கடைகள் தாமதமாகத்தான் திறக்கும். நேரத்தைக் கடையின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். சந்தைக்கு ரொக்கமும் வேண்டும்.

பழைய தட்டுகளில் வி.ஜி., வி.ஜி. பிளஸ் என்று எழுதியிருப்பதை நம்பலாமா? (யாழ்ப்பாணம்)

அளவுகோலைப் புரிந்துகொண்டால் நம்பலாம். எம் என்றால் புத்தம் புதியது. என்.எம். கிட்டத்தட்டப் புதியது. வி.ஜி. பிளஸ் என்பது மெல்லிய கீறல் தெரிந்தாலும் கேட்க இடைஞ்சல் இல்லாதது. வெறும் வி.ஜி. என்றால் இரைச்சல் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஜி என்றால் சுவரில் மாட்டலாம்.

மின்னணு இசைத் தட்டுகள் பல டிஜேக்களின் பையில் கிளப் கிளப்பாக அலைந்தவை, ஆகவே மேலோட்டமான உராய்வுகள் இயல்பு. பார்வைக்கு மோசமாக இருந்தும், சத்தமாக வெட்டப்பட்ட (அதாவது பள்ளங்களில் ஒலியை உரக்கப் பதித்த) தட்டில் அவை காதில் விழாமல் போகலாம். நகத்தில் தட்டுப்படும் ஆழமான கீறலும் வளைவும்தான் ஆபத்து. தட்டைக் கண் மட்டத்தில் கிடையாகப் பிடித்துப் பாருங்கள், வளைவு தெரிந்துவிடும். பிறகு போட்டுக் கேளுங்கள்.

இந்தியாவிலிருந்து வந்த மின்னணு இசை ஏதாவது அங்கே கிடைக்குமா ஐயா? (மதுரை)

ஒருவரைத் தேடுங்கள்: சரண்ஜித் சிங். பம்பாய்த் திரையிசையில் வாசித்தவர். 1982-இல் ரோலண்ட் நிறுவனத்தின் டிபி-303, டிஆர்-808, ஜூபிடர்-8 ஆகிய மின்னணு இசைக் கருவிகளை வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார். அதே 303-ஐ வைத்து சிகாகோவில் ஆசிட் ஹவுஸ் என்ற ஹவுஸ் வகை பிறந்தது அதற்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான். வந்தபோது கவனிப்பாரில்லை. 2010-இல் நெதர்லாந்தில் மறுபதிப்பு வந்த பிறகு உலகம் திரும்பிப் பார்த்தது. பைரவியும் கல்யாணியும் கேட்டு வளர்ந்த காதுக்கு அது வேறு விதமாகத் திறக்கும். ஓயேயிலும் சவுண்ட் மெட்டாஃபர்ஸிலும் விசாரியுங்கள்.

நான்கு பாடல்களுக்குப் பதினைந்து யூரோ. கைப்பேசியில் இதே பாடல்கள் சந்தாவில் கிடைக்கின்றன. எதற்காக இந்தச் செலவு? (டப்ளின்)

நேர்மையான கேள்வி. இவற்றில் பெரும்பாலானவை 300, 500 பிரதிகள்தான் அச்சாகின்றன. பல கைப்பேசிக்கு வருவதே இல்லை, மறுபதிப்பும் கிடையாது.

அடுத்து, ஒலி. பன்னிரண்டு அங்குலத்தில் ஒரு பக்கத்துக்கு ஒன்றிரண்டு பாடல்களே இருந்தால், பள்ளங்களை அகலமாக விட்டு வெட்டலாம். அப்போது தாழ்சுருதி (பேஸ்) தடித்து, சத்தம் கூடி நிற்கும். ஒரே பக்கத்தில் இருபத்தைந்து நிமிடம் திணித்த தட்டில் அது நடக்காது. வெட்டுபவரின் கைத்திறனும் முக்கியம்: தாழ்சுருதி இரு பக்கமும் விலகி நின்றால் ஊசி துள்ளும் என்பதால், அதை நடுவில் சேர்த்துக் கட்ட வேண்டும். ஹார்ட் வாக்ஸ் வட்டாரத்திலேயே 1995-இல் டப்பிளேட்ஸ் அண்ட் மாஸ்டரிங் என்ற வெட்டுக்கூடம் தொடங்கியது. லேபிளைச் சுற்றி இசை இல்லாத வழவழப்பான வளையத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அவர்களின் குறி கீறப்பட்டிருந்தால் நம்பிக் கேட்கலாம். அச்சாவதும் தூரத்தில் அல்ல, லைப்சிக்கின் ராண்ட் மூசிக் போன்ற ஆலைகளில். நீங்கள் கொடுக்கும் பதினைந்து யூரோ கலைஞர், வெட்டுபவர், ஆலைத் தொழிலாளி, கடைக்காரர் எனப் பிரிகிறது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் இந்த இசை இப்படி வெளிவராது. நான் அதற்காகவே மனமார வாங்குகிறேன்.

என்னிடம் டர்ன்டேபிளே இல்லை. பெட்டி வடிவில் விலை குறைவாக ஒன்று பார்த்தேன். (கொழும்பு)

வேண்டாம். அவற்றின் ஊசி கனமாக அழுத்தும், சத்தமாக வெட்டிய தட்டில் துள்ளும். நல்ல நிலையில் உள்ள பழைய டைரக்ட் டிரைவ் (மோட்டாரே நேராகச் சுழற்றும்) டர்ன்டேபிள் கிடைக்கும்வரை காத்திருங்கள்.

இருபது தட்டு வாங்கி ஊருக்குக் கொண்டுபோக முடியுமா? வரியைத் திருப்பித் தருவார்களாமே? (திருச்சி)

உறையோடு ஒரு பன்னிரண்டு அங்குலத் தட்டு 200 முதல் 250 கிராம் இருக்கும். இருபதுக்கு நான்கு முதல் ஐந்து கிலோ. கைப்பையிலேயே கொண்டுபோங்கள், செங்குத்தாக நிற்கட்டும். ஊர் வந்ததும் வெயிலில் நிற்கும் காருக்குள் ஐந்து நிமிடம்கூட வைக்காதீர்கள், வளைந்துவிடும்.

புதிய தட்டுகளின் விலையில் 19 சதவீத விற்பனை வரி அடக்கம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர் என்றால், ஒரே ரசீதில் 50 யூரோவுக்கு மேல் வாங்கியிருந்தால், அதைத் திரும்பப் பெற வழி உண்டு. எல்லாக் கடைகளும் செய்வதில்லை. பணம் கட்டும் முன் படிவம் தருவார்களா என்று கேளுங்கள். பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். ஒன்றியத்தை விட்டு வெளியேறும் கடைசி விமான நிலையத்தில் சுங்க அதிகாரியிடம் தட்டுகளையும் ரசீதையும் காட்டி முத்திரை வாங்குங்கள். வாங்கிய மாதத்துக்கு அடுத்த மூன்று மாதங்கள் முடிவதற்குள் வெளியேற வேண்டும். பிராங்க்ஃபர்ட்டில் விமானம் மாறுகிறீர்கள் என்றால் முத்திரையும் அங்கேதான். இடைத்தரகருக்கான கட்டணம் போக, கைக்கு வருவது விலையில் பத்துச் சதவீதத்தை ஒட்டியே இருக்கும். ஜெர்மனியில் வதிவிட அனுமதியுடன் இருக்கும் மாணவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது.