மீன்களைப் பெரிய தொட்டிக்கு மாற்றும்போது பழைய தண்ணீர் வேண்டாம், பழைய ஃபில்டரைக் கொண்டுபோங்கள்

கேள்வி: இரண்டு வருடமாக 40 லிட்டர் தொட்டியில் மூன்று கோல்ட் ஃபிஷும் ஒரு சக்கர் மீனும் வளர்க்கிறேன். இப்போது 200 லிட்டர் தொட்டி வாங்கியிருக்கிறேன். பழைய தண்ணீரை அப்படியே ஊற்றி அன்றைக்கே மீன்களை மாற்றலாமா? ஒரு மாதம் காத்திருக்க வேண்டும் என்கிறார்களே?

பதில்: ஒரு மாதம் காத்திருக்க வேண்டாம், இரண்டு வாரம் தயார் செய்துவிட்டு ஒரே நாளில் மாற்றலாம். ஆனால் மீன்களோடு போக வேண்டியது பழைய தண்ணீர் இல்லை, ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஃபில்டர்.

மீன்கள் செவுள் வழியாக ஓயாமல் அம்மோனியாவை வெளியேற்றுகின்றன. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. முதல் இரண்டும் விஷம். நைட்ரேட் குறைந்த அளவில் பெரிய தொல்லை தராது, தண்ணீர் மாற்றும்போது போய்விடும். இந்த பாக்டீரியாக்கள் ஒட்டி வாழ்பவை. ஃபில்டர் ஸ்பாஞ்சில்தான் மிக அதிகம், தண்ணீரில் மிதப்பவை சொற்பம். புதுத் தொட்டியில் இவை தாமாகப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். ஒரு மாதக் கணக்கு அங்கிருந்து வந்ததுதான். தொட்டி ஐந்து மடங்கு பெரிதானாலும் உங்கள் மீன்கள் அதே நான்குதான், அம்மோனியாவும் அதே அளவுதான். ஆகவே இருக்கிற பாக்டீரியாவே போதும்.

பழைய ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசிவிடாதீர்கள், குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். காயவும் விடக்கூடாது. மீன்களை மாற்றும் அன்று பழைய ஃபில்டரை அப்படியே புதுத் தொட்டியில் மாட்டி, புது ஃபில்டரோடு சேர்த்து ஆறு வாரம் ஓட்டுங்கள்.

எனக்குக் கவலை தருவது வேறு விஷயம். 40 லிட்டரில் இரண்டு வருடம் என்றால் நைட்ரேட் ஏறி, பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவு) இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். மெல்ல மெல்ல மாறியதால் மீன்கள் பழகியிருக்கும். திடீரென்று சுத்தமான தண்ணீருக்குப் போனால் அதுவே அதிர்ச்சி. "தண்ணீர் தெளிவாக இருந்ததே, ஏன் செத்தது?" என்று கேட்பவர்களில் பலருக்கு நடந்திருப்பது இதுதான். அதனால் மாற்றுவதற்கு முன் இரண்டு வாரம், மூன்று நாளுக்கு ஒருமுறை பழைய தொட்டியில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை மட்டும் மாற்றிக்கொண்டே வாருங்கள். டெஸ்ட் கிட்டில் இரண்டு தொட்டிகளின் பிஎச்சும் நைட்ரேட்டும் நெருங்கி வந்ததும் மீன்களை மாற்றலாம். பழைய தண்ணீரை மொத்தமாக ஊற்ற வேண்டாம் என்று சொல்வது, அதில் நைட்ரேட் சேர்ந்திருப்பதால்தான். அந்த அழுக்கிலிருந்து மீன்களை விடுவிக்கத்தானே புதுத் தொட்டி!

இந்த இரண்டு வாரத்தில் புதுத் தொட்டியைத் தயார் செய்யலாம். தண்ணீர் நிரம்பினால் தண்ணீர் மட்டுமே 200 கிலோ, அப்புறம் நகர்த்த முடியாது. இடத்தை முடிவு செய்து, மட்டம் பார்த்து, நிரப்பி ஒரு நாள் கசிவு இருக்கிறதா என்று கவனியுங்கள். குளோரின் நீக்கி மருந்தைக் கட்டாயம் சேருங்கள். தண்ணீரைச் சும்மா வைத்திருந்தால் குளோரின் போகும், குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமைன் அவ்வளவு எளிதில் போகாது. பழைய கூழாங்கற்களைப் பயன்படுத்துவதானால் பழைய தொட்டித் தண்ணீரிலேயே அலசிப் போடுங்கள்.

மாற்றுவதற்கு முந்தைய நாள் தீனி வேண்டாம். அன்று விளக்கை அணைத்து, அலங்காரப் பொருட்களை எடுத்துவிட்டு, தண்ணீரைக் கால் பங்காகக் குறைத்தால் மீன்களைத் துரத்த வேண்டியிருக்காது. கோல்ட் ஃபிஷைக் குவளையில் அள்ளுவது நல்லது. சக்கர் மீனுக்கு வலை வேண்டவே வேண்டாம், துடுப்பு முள் மாட்டிக்கொண்டால் வலையை வெட்டித்தான் விடுவிக்க வேண்டும். பிளாஸ்டிக் பை தேவையில்லை. மூடியுள்ள வாளியில் பழைய தண்ணீரோடு விட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு குவளை புதுத் தொட்டித் தண்ணீரைச் சேருங்கள். அரை மணி நேரம் கழித்து, வெப்பநிலை வித்தியாசம் ஓரிரு டிகிரிக்குள் இருந்தால், மீன்களை மட்டும் விடுங்கள், வாளித் தண்ணீர் உள்ளே போக வேண்டாம்.

இரண்டு வாரம் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் ஒருநாள் விட்டு ஒருநாள் பாருங்கள். ஏதாவது தென்பட்டால், மருந்து சேர்த்த தண்ணீரில் கால் பங்கு மாற்றிவிட்டுத் தீனியைக் குறையுங்கள். மீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்து திணறினாலும் முதலில் இதைத்தான் சோதிக்க வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று: சாதாரண சக்கர் மீன் ஒரு அடிக்கும் மேல் வளரும், இரவில் கோல்ட் ஃபிஷின் உடம்பில் ஒட்டி வழவழப்பைச் சுரண்டும். இந்தத் தொட்டியிலும் அவை நெடுநாள் சேர்ந்திருக்காது.

பழைய தொட்டியைக் கொடுத்துவிட வேண்டாம். ஆறு வாரத்துக்குப் பிறகும் பழைய ஸ்பாஞ்ச் பெரிய தொட்டிக்குள்ளேயே இருக்கட்டும். பிறகு புது மீன் வாங்கினால் அந்த ஸ்பாஞ்சை எடுத்துச் சின்னத் தொட்டியில் போட்டு, புதியவர்களை மூன்று நான்கு வாரம் தனியாக வைத்துப் பார்க்கலாம்.