வீட்டுக்கு ஒரு கோப்புச் சேர்வர்: வாசகர் கேள்வி – பதில்

கே: கலியாண வீடியோ, படம் எடுப்பது என் தொழில். மூன்று டெராபைட் வேலை ஐந்து கையடக்க டிஸ்க்குகளில் சிதறிக் கிடக்கிறது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்து வீட்டுக் கணினிகளிலிருந்து எடுக்க வேண்டும். பாவித்த அலுவலகக் கணினி வாங்கவா, ராஸ்பெரி பை என்ற கையளவுக் கணினி வாங்கவா, டிஸ்க் பூட்டி வலையமைப்பில் இணைக்கும் நாஸ் பெட்டி வாங்கவா?
– வாசகர், கோப்பாய்

ப: பாவித்த அலுவலகக் கணினியே வாங்குங்கள். ஆறாம் தலைமுறை ஐ3, எட்டு ஜிபி ரம் போதும். ஐ7 என்று கூட்டிக் கேட்டால் கொடுக்காதீர்கள். கிகாபிட் வலையமைப்பில் வினாடிக்கு ஏறத்தாழ 110 மெகாபைட்தான் போகும். ஒரு சாதாரண 3.5 அங்குல டிஸ்க்கே பெரிய கோப்புகளை அதைவிட வேகமாகக் கொடுத்துவிடும். புரொசசருக்கு அங்கே பெரிய வேலை இல்லை.

வாங்க முன் மூடியைக் கழற்றிப் பாருங்கள். மினி வகைகளில் பெரும்பாலும் 2.5 அங்குல டிஸ்க் ஒன்றுக்குத்தான் இடம். உங்களுக்கு 3.5 அங்குல டிஸ்க் இரண்டு பூட்டக்கூடிய டவரும், டிஸ்க்கை மதர்போர்டில் இணைக்கும் சாட்டா இணைப்பு மூன்றும் வேண்டும். மூன்றாவது, ஓப்பன்மீடியாவோல்ட் என்ற சேர்வர் மென்பொருளை நிறுவும் சிறிய எஸ்எஸ்டிக்கு. பல அலுவலகக் கணினிகளில் டிஸ்க்குக்கான மின்சாரம் மதர்போர்டிலிருந்து வரும். அதனால் மின் வயரின் தலைகளையும் எண்ணுங்கள். போதாதென்றால் மோலெக்ஸ் என்ற பழைய வகை மின் தலையிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் வயர் தருவார்கள். அதில் வார்ப்புப் பிளாஸ்டிக் தலை உள்ளதைத் தொடவே வேண்டாம். தலைக்குள் வயர்கள் ஒன்றோடொன்று முட்டி உருகித் தீப்பிடிப்பதுண்டு.

மிஞ்சும் காசெல்லாம் டிஸ்க்குக்குப் போகட்டும். அதில் கவனிக்க வேண்டியது சிஎம்ஆரா எஸ்எம்ஆரா என்பதுதான். உங்களுக்கு வேண்டியது, பதிவுத் தடங்கள் தனித்தனியாக இருக்கும் சிஎம்ஆர். எஸ்எம்ஆர் டிஸ்க்கில் பதிவுத் தடங்கள் கூரை ஓடு போல ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும். ஒன்றைத் திருத்தினால் பக்கத்திலுள்ளவற்றையும் திரும்ப எழுத வேண்டும். நூறு ஜிபி வீடியோவை ஒரே மூச்சில் ஏற்றும்போது முதலில் ஓடி, பிறகு ஊர்ந்துபோகும். பழுதான டிஸ்க்கை மாற்றி மிரரை (இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தரவை எழுதும் அமைப்பை) திரும்பக் கட்டும்போது இன்னும் மோசம். வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையானவற்றில் எஸ்எம்ஆர் இருப்பது 2020இல்தான் வெளியே தெரிந்தது. ரெட் பிளஸ், சீகேட் அயன்வுல்ஃப் இரண்டும் சிஎம்ஆர். பெட்டியிலுள்ள பெயரை நம்பாமல் மாதிரி இலக்கத்தை நிறுவனத்தின் பட்டியலில் தேடிப் பாருங்கள்.

4 டெராபைட் இரண்டை மிரராகப் போட்டால் பாவிக்கக் கிடைப்பது 4 டெராபைட். ஆனால் மிரர் காப்புப் பிரதி ஆகாது. தவறி அழித்த கோப்பு இரண்டிலும் ஒரே கணத்தில் அழியும். ஏற்றி முடித்த பிறகும் உங்கள் ஐந்து டிஸ்க்குகளை அழிக்காதீர்கள். உறவினர் வீட்டில் வையுங்கள். புதிய வேலைகளுக்கும் வெளியே ஒரு பிரதி இருக்கட்டும்.

செலவு: சும்மா இருக்கும்போது 30 வாட் எடுத்தால் மாதத்துக்கு ஏறத்தாழ 22 அலகு. நம் கட்டணம் படிமுறையானது. இந்த அலகுகள் உங்கள் பில்லின் மேல்படியில்தான் சேரும்.

ராஸ்பெரி பை 4இன் நான்கு யுஎஸ்பி வாய்களும் சேர்ந்து 1.2 அம்பியர்தான் தரும். இரண்டு கையடக்க டிஸ்க் ஒன்றாகச் சுழலத் தொடங்கினால் இணைப்பு அறுந்துபோகும். நாஸ் பெட்டி நல்லதுதான். ஆனால் பெரும்பாலும் டிஸ்க் இல்லாத விலையைத்தான் சொல்வார்கள்.

கே: பாவித்த டிஸ்க் நல்லதா என்று கடையிலேயே எப்படிப் பார்ப்பது?
– வாசகர், சாவகச்சேரி

ப: டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில், பழுதான பகுதிகளை எண்ணும் 05, சி5, சி6 ஆகிய மூன்று வரிகளின் மூல மதிப்பும் பூச்சியமாக இருக்க வேண்டும். ஒன்று ஏறியிருந்தாலும் திருப்பிக் கொடுங்கள். சி7 ஏறியிருந்தால் குற்றம் பெரும்பாலும் கேபிளில். அந்த மென்பொருளில் மூல மதிப்பு பதினாறடிமான எண்ணில் தெரியும்; பத்தடிமானத்துக்கு மாற்றிய பிறகே ஓடிய மணித்தியாலத்தை வாசியுங்கள். வீட்டில், டிஸ்க் தன்னையே பரிசோதிக்கும் ஸ்மார்ட் நீண்ட சோதனையை ஓடவிடுங்கள். 4 டெராபைட்டுக்கு ஏழெட்டு மணித்தியாலம் எடுக்கும். திருப்பிக் கொடுக்க ஒரு கிழமையாவது தராத கடையில் வாங்க வேண்டாம்.

கே: யூபிஎஸ் இருந்தும் கரண்ட் போனவுடன் சேர்வர் நின்றுவிடுகிறது. கரண்ட் வந்தாலும் தானாக எழும்புவதில்லை.
– வாசகர், பருத்தித்துறை

ப: இரண்டும் வெவ்வேறு குறைகள். முதலாவது பெரும்பாலும் பற்றரி. உள்ளிருக்கும் 12 வோல்ற் 7 ஏஎச் ஈய பற்றரி நம் வெக்கையில் இரண்டு மூன்று வருடத்தில் செத்துவிடும். சேர்வரைக் கழற்றிவிட்டு 60 வாட் குண்டு பல்ப் ஒன்றைப் போட்டு, யூபிஎஸ்ஸின் பிளக்கை இழுத்துப் பாருங்கள். பத்து நிமிடமாவது எரிய வேண்டும். எரிந்தும் சேர்வர் நின்றால், அதன் பவர் சப்ளைக்கு அந்த யூபிஎஸ் தரும், படிக்கட்டு போல ஏறி இறங்கும் மின் அலை ஒத்துவரவில்லை. சீராக வளையும் சைன் அலை தரும் யூபிஎஸ் வேண்டும். யுஎஸ்பி வாயுள்ளதாக எடுத்தால், பற்றரி இறங்கும்போது, யூபிஎஸ்ஸைக் கண்காணிக்கும் நட் மென்பொருள் சேர்வரை ஒழுங்காக மூடிவிடும்.

எழும்பாததற்கு, கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய பயோஸ் அமைப்புத் திரையில் மின்சாரம் திரும்பினால் என்ன செய்வது என்ற அமைப்பை பவர் ஆன் என்று மாற்றுங்கள். மாற்றியும் மறந்துபோகிறது, திகதியும் பின்னால் போகிறது என்றால் மதர்போர்டிலுள்ள சிஆர்2032 பற்றரியைப் புதிதாகப் போடுங்கள்.

கடற்கரைப் பக்கம் என்பதால் சேர்வரை யன்னலோரம் வைக்காதீர்கள். உப்புக் காற்று இணைப்புகளைத் துருவாக்கும். ஐப்பசி, கார்த்திகை இடிமழைக்கு பிளக்கைக் கழற்றினால் மட்டும் போதாது. தொலைபேசி வயரில் வரும் மின்னல் ரவுட்டர் வழியாக வலையமைப்புக் கேபிளிலும் பாயும். அந்தக் கேபிளையும் சேர்த்துக் கழற்றுங்கள்.