மகள் புள்ளியியலை விட்டுவிட வேண்டுமா?

வணக்கம் அம்மா. பி.எஸ்சி. புள்ளியியல் முதலாண்டில் படிக்கும் உங்கள் மகள், உள்மதிப்பீட்டுத் தேர்வில் மதிப்பெண் குறைந்ததும் வேறு பாடத்துக்கு மாறத் துடிக்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். விடைத்தாளின் படத்தையும் அனுப்பியது நல்லதாயிற்று. மாற வேண்டாம் என்பதே என் பதில். அதற்கான காரணம் அந்த விடைத்தாளிலேயே இருக்கிறது.

சூத்திரங்களைப் பிழையின்றி எழுதியிருக்கிறாள். ஆனால் ஈருறுப்புப் பரவல் (binomial: குறித்த எண்ணிக்கை முயற்சிகளில் எத்தனை வெற்றி என்பதன் வாய்ப்பு) வர வேண்டிய கணக்கில் பெருக்குப் பரவலையும் (geometric: எதிர்பார்க்கும் முடிவு முதன்முறை வர எத்தனை முயற்சி என்பதன் வாய்ப்பு), பெருக்குப் பரவல் வர வேண்டிய இடத்தில் ஈருறுப்புப் பரவலையும் போட்டிருக்கிறாள். பிளஸ் டூவில் ஈருறுப்புப் பரவலை அதற்கென்று உள்ள பாடத்துக்குள்ளேயே படித்ததால், எந்தப் பரவல் என்று தேர்ந்தெடுக்கும் வேலை அவளுக்கு அதிகம் இருந்திருக்காது. இப்போதுதான் அது வந்திருக்கிறது.

இந்தக் கணக்கை அவளிடம் கொடுங்கள். சான்று பெற்ற நெல் விதைக்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறன் 80 விழுக்காடு. சரியாக அந்த 80 விழுக்காடே உள்ள 10 விதைகளை ஈரத்தாளில் வைத்தால் சரியாக 8 முளைக்கும் வாய்ப்பு என்ன? முயற்சிகள் 10 என்று முன்பே முடிவாகிவிட்டது, வெற்றிகளை எண்ணுகிறோம். இது ஈருறுப்புப் பரவல். விடை ஏறத்தாழ 0.302. சராசரி 8 என்றதும் எட்டு வந்தே தீரும் என்று மனம் நம்பிவிடுகிறது. உண்மையில் பத்துக்கு மூன்று முறைதான் அப்படி வரும்.

அதே விதைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போகிறோம். முளைக்காத முதல் விதை மூன்றாவதாக இருக்கும் வாய்ப்பு என்ன? இங்கே எத்தனை விதை பார்ப்போம் என்பதே தெரியாது, அதைத்தான் எண்ணுகிறோம். இது பெருக்குப் பரவல். இரண்டு முளைத்து மூன்றாவது முளைக்காமல் போக வேண்டும்: 0.8 × 0.8 × 0.2 = 0.128. நான்கு விதைகள் தொடர்ந்து முளைத்துவிட்டதால் ஐந்தாவது பொய்த்தே ஆகும் என்று எண்ணக் கூடாது. அதன் வாய்ப்பு அப்போதும் அதே 20 விழுக்காடுதான்.

இன்னொரு குழப்பம் அவளுடையதே அல்ல. முளைக்காத முதல் விதையையும் சேர்த்து எண்ணும் நூலில் பெருக்குப் பரவலின் சராசரி 5. அதற்கு முன் முளைத்தவற்றை மட்டும் எண்ணும் நூலில் 4. இரண்டும் சரி. தன் பேராசிரியர் எதைப் பின்பற்றுகிறார் என்று அவள் கேட்டே ஆக வேண்டும்.

இனி எந்தக் கணக்கிலும் சூத்திரத்தைத் தொடுமுன், ‘எது முன்பே முடிவானது, எதை எண்ணுகிறோம்’ என்று ஒரு வரி எழுதட்டும். முயற்சிகள் ஒன்றையொன்று பாதிக்கவில்லையா, வாய்ப்பு மாறாமல் இருக்கிறதா என்றும் பார்க்கட்டும். இருபதே விதைகள் உள்ள பொட்டலத்திலிருந்து பத்தை எடுத்தால் ஈருறுப்புப் பரவல் பொருந்தாது. அதில் முளைக்கக்கூடியவை இத்தனை என்று முடிவாகியிருந்தால், ஒவ்வொன்றை எடுக்கும்போதும் மீதியில் அவற்றின் விகிதம் மாறிவிடும்.

வேலை கிடைக்குமா என்ற உங்கள் கவலைக்கு வருகிறேன். யுபிஎஸ்சி நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வைப் புள்ளியியல் பட்டத்தோடே எழுதலாம். காப்பீட்டுத் துறையில் ஆக்சுவரி (இழப்பு வாய்ப்புகளைக் கணக்கிடும் வல்லுநர்) ஆவதற்கான தொடக்கத் தாள்களில் இந்த இரண்டு பரவல்களும் இருக்கின்றன. மருந்துச் சோதனை, தொழிற்சாலைத் தரக் கட்டுப்பாடு ஆகியவற்றிலும் இடம் உண்டு. அங்கெல்லாம் சூத்திரத்தைக் கணினி போட்டுவிடும். எந்தப் பரவல் என்று சொல்ல ஆள் வேண்டும். உங்கள் மகள் தடுமாறுவது அந்த இடத்தில்தான். அதை இப்போதே, முதலாண்டிலேயே சரிசெய்துகொள்ள நேரம் இருக்கிறது. பருவத் தேர்வு முடியும்வரை பாட மாற்றத்துக்கான விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.