ஏஐ ஒரே மாதிரி கேம் ஐடியா தருகிறதா?

"கேம் ஐடியா கொடு" என்று கேட்பதை விடுங்கள். விளையாடுபவர் செய்யும் ஒரு செயலையும் ஒரு தடையையும் நீங்களே கொடுத்து, விதிகளை மட்டும் கேளுங்கள்.

எப்படிக் கேட்டாலும் காலத்தைப் பின்னோக்கி ஓட்டும் புதிர்தான் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி பொதுவாக இருப்பதுதான் காரணமாக இருக்கும். பொதுவான கேள்விக்கு அதிகம் புழங்கிய பதில்தான் முதலில் வரும். 1982-ல் ஜப்பானில் வந்த சோகோபான் என்ற புதிர் கேமைப் பாருங்கள். பெட்டியைத் தள்ளலாம், இழுக்க முடியாது. அந்த ஒரு தடையில்தான் மொத்த ஆட்டமும் நிற்கிறது, எவ்வளவு அழகு!

இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "ஒரே பொத்தான். ஆள் நடந்துகொண்டே இருப்பான், நிற்கவே மாட்டான். கதை வேண்டாம், 20 விதிகள் சொல்." முதல் ஐந்தாறை அடித்துவிடுங்கள், அவை எல்லோருக்கும் வரும். மிச்சத்தில் ஒன்றை எடுத்து, கோடாட் என்ற கேம் உருவாக்கும் மென்பொருளில் வெறும் சாம்பல் கட்டங்களை வைத்து ஓட்டுங்கள். படம், இசை எதுவும் இல்லாமலே நண்பர் இன்னொரு முறை ஆடக் கேட்டால் ஐடியா தேறும். "இது சுவாரசியமா?" என்று ஏஐயிடம் கேட்காதீர்கள், பெரும்பாலும் ஆமாம் என்றுதான் சொல்லும்.

அப்புறம், ஏஐ பற்றிய விதி கேம் ஜாமுக்கு ஜாம் (குறுகிய காலத்தில் கேம் உருவாக்கும் போட்டி), கல்லூரிக்குக் கல்லூரி மாறும். தொடங்கும் முன்பே படித்துவிடுங்கள். ஏஐ உருவாக்கிய படமோ இசையோ ஆட்டத்தில் இருந்தால், ஸ்டீம் என்ற கேம் விற்பனைத் தளத்தில் அதைத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2024 ஜனவரியில் வந்தது.