பெரிய நிதியங்கள் வாங்கும் புதுக் கம்பனிப் பங்கை நாமும் நம்பி வாங்கலாமா?

அந்த ஒரு காரணத்துக்காக வாங்காதீர்கள். முதலில், வாங்கியது உண்மையில் ஒரு நிதியம்தானா என்று பாருங்கள்.

மட்டக்களப்பில் பணிக்கொடைக் காசை நிரந்தர வைப்பிலிருந்து எடுத்துப் பங்கில் போடலாமா என்று யோசிக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். கல்லடியில் என் மாமா ஒருவர், ஓய்வு பெற்ற ஆசிரியர். அண்மையில் சந்தைக்கு வந்த ஒரு கம்பனியின் காலாண்டு அறிக்கையைப் போனில் காட்டி, "இஞ்ச பாருங்க மருமகன், பேங்கே வாங்கியிருக்கு" என்றார். அது முதல் 20 பங்குதாரர்களின் பட்டியல். அதில் வங்கியின் பெயர், பிறகு ஒரு சாய்கோடு, அதன் பின்னால் ஒரு தனி ஆளின் பெயர்.

அது வங்கியின் முதலீடே இல்லை. பெரும்பாலும் அந்த ஆள் வங்கியில் கடன் எடுத்து, பங்கையே ஈடாக வைத்து வாங்கியிருக்கிறார். மார்ஜின் கணக்கு என்பார்கள். விலை இறங்கினால் வங்கி மேலதிகக் காசு கேட்கும், கட்டாவிட்டால் பங்கை விற்றுவிடும். மாமா பலமாக நினைத்தது, விலை சரியும் நாளில் சந்தையில் வந்து கொட்டக்கூடிய பங்கு. சாய்கோட்டுக்குப் பின்னால் நிதியத்தின் பெயர் இருந்தால் கதை வேறு: அங்கே வங்கி பொறுப்பாளர் மட்டும், காசு நிதியத்துடையது.

சரி, உண்மையான நிதியமே வாங்கியிருந்தால்? போன் வழியே காசு செலுத்தும் சேவை நடத்தும் இந்தியக் கம்பனி பேடிஎம், 2021 நவம்பரில் ஒரு பங்கு 2,150 இந்திய ரூபாய்க்குச் சந்தைக்கு வந்தது. அமெரிக்க முதலீட்டு நிறுவனமான பிளாக்ராக், கனடா ஓய்வூதிய நிதியம் போன்றவை முன்கூட்டியே வாங்கின. முதல் நாளிலேயே விலை ஏறத்தாழ 27 வீதம் விழுந்தது. அவர்களுக்கு அது நூற்றுக்கணக்கான முதலீடுகளில் ஒன்று. ஆரம்பநிலைக் கம்பனிகளில் காசு போடுவோர் பத்தில் பல தோற்கும் என்று தெரிந்தே போடுகிறார்கள், ஒன்று பெரிதாக வென்றால் போதும். மாமாவிடம் இருப்பது ஒரே ஒரு பணிக்கொடை.

நம் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் சேரும் ஊழியர் சேமலாப நிதியம்கூடத் தன் காசில் பெரும்பகுதியை அரச பிணையங்களில்தான், அதாவது அரசுக்குக் கடனாகத்தான், வைத்திருக்கிறது. இப்படியான பெரிய நிதியம் ஒரு சின்னக் கம்பனியில் பெருந்தொகை போட்டால், விற்று வெளியேறும்போது அந்த விற்பனையே விலையை விழுத்திவிடும்.

ஆகவே கொழும்பு பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் அந்தக் கம்பனியின் மூன்று நான்கு காலாண்டு அறிக்கைகளை எடுத்து, 20 பேர் பட்டியலை அருகருகே வையுங்கள். எந்த நிதியம் கூட்டுகிறது, எது மெல்லக் கழன்று போகிறது என்று தெரியும். அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். வீட்டில் வணிகப் பிரிவில் படிக்கும் பிள்ளை இருந்தால் பக்கத்தில் இருத்தி வாசியுங்கள்.