விழுந்தது ஒரே ஒரு முறை

வணக்கம் அம்மா,

எனக்கு 26 வயது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். போன ஆடியில் கோட்டை மாரியம்மன் கோயில் வரிசையில் விரதத்தோடு காலையிலிருந்து நின்றபோது கண் இருட்டிக்கொண்டு வந்து விழுந்துவிட்டேன். சில நொடிகளில் விழித்துக்கொண்டேன் என்றார்கள். அதன் பிறகு ஒரு முறைகூட விழவில்லை. ஆனால் விழப்போகிறேன் என்ற நினைப்பு விடவில்லை. வங்கி வரிசை, ஜவுளிக்கடைக் கூட்டம், பஸ் என்று எங்கே நின்றாலும் நெஞ்சு படபடக்கிறது. உதடு மரத்துப்போகிறது. விரல்களில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது, தரை நழுவுவதுபோல் இருக்கிறது. உடனே வெளியே ஓடிவந்துவிடுகிறேன்.

இன்னொன்று இதைவிடப் பயமாக இருக்கிறது. கொலுசை எடைபோட்டுக்கொண்டிருக்கும்போதே என் கை வேறு யாருடைய கையோபோல் தெரிகிறது. முதலாளி பேசுவது சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுவதுபோல் கேட்கிறது.

ரத்தப் பரிசோதனை, ஈசிஜி எல்லாம் எடுத்தாயிற்று. "ஒன்றும் இல்லை, தைரியமாக இரு" என்று அனுப்பிவிட்டார்கள். அம்மா மந்திரித்துக் கயிறு கட்டியிருக்கிறார். வரும் தையில் அக்காவுக்கு ஏற்காட்டில் கல்யாணம். 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதி மலையில் வந்துவிட்டால் நான் எங்கே ஓடுவேன்? எனக்குப் புத்தி பேதலிக்கிறதா அம்மா?

ஒரு வாசகி, சேலம்

*

அன்புள்ள மகளுக்கு,

என் மகளுக்கும் உன் வயதுதான். அதனால் நீ என்றே எழுதுகிறேன்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. உன் கடிதத்தில் நான்கு இடங்களில் 'போல்' என்று எழுதியிருக்கிறாய். கை வேறு யாருடையதோபோல் தெரிகிறது என்கிறாயே தவிர, வேறு யாருடைய கையோ வந்து ஒட்டிக்கொண்டது என்று நீ நம்பவில்லை. அந்தப் 'போல்' உன்னிடம் இருக்கும்வரை உன் அறிவு விழித்திருக்கிறது. அளவுக்கு மீறிய பயம் நீடிக்கும்போது மூளை உணர்ச்சியின் ஓசையைத் தணித்துவிடுகிறது. அப்போது நம் உடம்பும் சுற்றியிருப்பவர்களும் தள்ளிப்போனதாகத் தோன்றும். ஏற்காட்டுக்கு பஸ் ஏறும்போது நடுமலையில் காது அடைத்துக்கொள்ளும் அல்லவா? பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து வரும். அதற்காக நாம் செவிடாகிவிட்டோம் என்று அலறுவதில்லை. எச்சில் விழுங்குகிறோம், வேடிக்கை பார்க்கிறோம், தானே திறந்துகொள்கிறது. இதுவும் அப்படித் திறந்துகொள்ளும். "போய்விட்டதா, போய்விட்டதா" என்று நிமிடத்துக்கு ஒரு முறை கையைப் பார்த்துச் சோதிப்பதுதான் அதைத் தங்கவைக்கிறது.

அடுத்து, நீ விழுந்ததைப் பற்றி. கோயில் வரிசையில் நடந்ததையும் வங்கி வரிசையில் நடப்பதையும் நீ ஒன்றாகக் கட்டிவைத்திருக்கிறாய். என் கண்ணுக்கு இரண்டும் வேறு வேறாகத் தெரிகின்றன. மணிக்கணக்கில் அசையாமல் நின்றால் ரத்தம் கால்களில் தேங்கும். வெக்கையில் ரத்தக்குழாய்கள் விரியும். வயிற்றில் சோறும் தண்ணீரும் இல்லை. ஒரு கட்டத்தில் இதயத்துடிப்பு குறைந்து, ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி, மூளைக்குப் போகும் ரத்தம் சில நொடி போதாமல் போகிறது. கண் இருட்டுகிறது, வியர்க்கிறது, விழுகிறோம். படுத்த நிலைக்கு வந்தவுடன் ரத்தம் தலைக்குத் திரும்பிவிடுவதால் விழிப்பு வருகிறது. சிலருக்கு ஊசியைக் கண்டாலோ ரத்தத்தைக் கண்டாலோ இதே வீழ்ச்சி நடக்கும். திருவிழாக் கூட்டத்தில் இப்படி விழுகிறவரை நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? தூக்கி உட்காரவைத்து, சுற்றி நின்று, வாயில் சோடா ஊற்றி, கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறார்கள். வேண்டியது இதற்கு நேர் எதிர். படுக்கவிட வேண்டும், காலை உயர்த்த வேண்டும், காற்று வர விலகி நிற்க வேண்டும், முழு நினைவு திரும்பும்வரை வாயில் எதுவும் ஊற்றக் கூடாது.

வங்கி வரிசையில் உனக்கு நடப்பது வேறு. அங்கே நெஞ்சு அடித்துக்கொள்கிறது. பயத்தில் பெரும்பாலும் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறத்தான் செய்யும். மயங்கி விழ அழுத்தம் இறங்க வேண்டும். ஓடத் தயாராகும் உடம்பு அவ்வளவு எளிதில் சாய்வதில்லை. பிறகு ஏன் தலை கிறுகிறுக்கிறது? பயத்தில் உனக்கே தெரியாமல் வேகமாக, ஆழமாக மூச்சு வாங்குகிறாய். கரியமில வாயு தேவைக்கு மேல் வெளியேறிவிடுகிறது. அதனால் மூளையின் ரத்தக்குழாய்கள் சற்றுச் சுருங்குகின்றன. தலை கிறுகிறுக்கிறது. உதடு மரப்பதும் விரலில் எறும்பு ஊர்வதும் அந்த வாயு குறைவதால்தான். கை அந்நியமாகத் தெரிவதைக்கூட இந்த மூச்சு கிளப்பிவிடக்கூடும். ஆடி முதல் இன்றுவரை எத்தனையோ முறை விழப்போவதாக நினைத்திருக்கிறாய், ஒரு முறைகூட விழவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். அந்த வரியை இன்னொரு தரம் படித்துப் பார்.

ஆகவே "ஒன்றும் இல்லை" என்று உன்னை அனுப்பிவைத்ததில் எனக்கு உண்மையாகவே கோபம். இதயத்தில் கோளாறு இல்லை என்பது நல்ல செய்தி. அதைச் சொன்ன வாய் இதையும் சொல்லியிருக்க வேண்டும். 1994இல் என் தந்தை இறந்த நான்காம் மாதம், மலையிலிருந்து இறங்கும் பஸ்ஸில் எனக்கு இது முதன்முதலாக வந்தது. கை மடங்கிக்கொண்டது. செத்துப்போகிறேன் என்று நினைத்தேன். பாதியில் இறக்கிவிடச் சொல்லிச் சாலை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். சேலத்தில் ஒரு மருத்துவர் எனக்கும் அதே சொற்களைத்தான் சொன்னார். அதன் பிறகு இரண்டு வருடம் நான் மலையை விட்டு இறங்கவில்லை. கல்யாணம், சாவு, எதற்கும் போகவில்லை. இறங்கி ஓடியதும் படபடப்பு அடங்கியதல்லவா, ஓடியதால்தான் பிழைத்தேன் என்று உடம்பு கற்றுக்கொண்டுவிட்டது. ஓடாமல் இருந்தாலும் அது அடங்கியிருக்கும் என்பதை அறிய நான் அதற்கு வாய்ப்பே கொடுக்கவில்லை. நீயும் இப்போது அதைத்தான் செய்கிறாய்.

இந்தப் படபடப்பு பொதுவாக 10 நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய்விடும். பிறகு இறங்கத்தான் வேண்டும். அதற்கு வேறு வழி இல்லை. நீ நின்ற இடத்திலேயே நின்றால் அது இறங்குவதைப் பார்ப்பாய்.

அது வரும்போது யாராவது "நன்றாக மூச்சை இழுத்து விடு" என்பார்கள். இழுக்காதே. மூச்சு ஏற்கெனவே அதிகம். மூக்கால் சாதாரணமாக எடுத்து, உதட்டைக் குவித்து, சூடான கஞ்சியை ஆற்றுவதுபோல் மெதுவாக, நீளமாக வெளியே விடு. எடுப்பதற்கு மூன்று எண்ணினால் விடுவதற்கு ஆறு. கை அந்நியமாகத் தெரிந்தால் கொலுசைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போகாதே. வெள்ளியின் குளிர்ச்சியை, திருகாணியின் கூர்மையை, முத்துக்கள் உரசும் ஓசையைக் கவனி. எடையை வாய்விட்டுச் சொல்லி எழுது. உள்ளே பார்த்துக்கொண்டிருக்கும் கவனத்தை வெளியே கொண்டுவர உன் தொழிலே போதும். கோயில் வரிசையில் வந்ததுபோல் வியர்த்து, கண் இருட்டிக்கொண்டு உண்மையிலேயே சரிந்தால் மட்டும் தயங்காமல் தரையில் படு. படுக்க இடம் இல்லையென்றால் கால்களைப் பின்னிக்கொண்டு தொடை, வயிறு, கைத்தசைகளைப் பத்துப் பதினைந்து நொடி இறுக்கு, தளர்த்து, மறுபடி இறுக்கு. தசை இறுகும்போது ரத்த அழுத்தம் ஏறும்.

தைக்கு இன்னும் நாள் இருக்கிறது. மலையை ஒரேயடியாக ஏறாதே. முதலில் கோரிமேடு வரை பஸ்ஸில் போய்த் திரும்பு. அது சலித்துப்போகும்வரை போ. பிறகு அடிவாரம். பிறகு முழு மலை. முதலில் அம்மாவோடு, அடுத்து அம்மா நான்கு இருக்கை தள்ளி, அடுத்து தனியாக. கைப்பையில் குளுக்கோஸ், எலுமிச்சம்பழம் எல்லாம் வைத்திருப்பாய் என்று ஊகிக்கிறேன். நான் வைத்திருந்தேன். அவற்றையும் ஒவ்வொன்றாக வீட்டில் விட்டுவிட்டுப் போ. அம்மா கட்டிய கயிறு இருக்கட்டும், அது அவர் அன்பு. காபியை மட்டும் கொஞ்ச நாள் குறை. காபித் தோட்டங்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன். ஆனாலும் படபடப்புள்ள நெஞ்சுக்கு அது உதவாது.

தனியாக இதைச் செய்ய முடியவில்லை என்றால் சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போ. பேச்சுச் சிகிச்சையும் தேவைப்பட்டால் மாத்திரையும் இந்தக் கோளாறுக்கு நன்றாகவே வேலை செய்கின்றன. நான் இரண்டையும் எடுத்துக்கொண்டுதான் மலை இறங்கினேன். நள்ளிரவில் வந்தால் 14416 என்ற எண்ணை அழை. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் என்ற மனநலத் தொலைபேசிச் சேவை அது. கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஓடும்போதோ படி ஏறும்போதோ மயங்கி விழுந்தால், நெஞ்சு வலியோடு விழுந்தால், நினைவு திரும்ப நேரமானால், விழுந்தபோது நாக்கைக் கடித்திருந்தால், குடும்பத்தில் யாராவது சிறு வயதில் திடீரென்று இறந்திருந்தால், பயம்தான் என்று வீட்டில் இருந்துவிடாதே. மறுபடி மருத்துவரைப் பார். உன் ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்தார்களா என்றும் கேட்டுக்கொள்.

கல்யாணத்தன்று ஜன்னல் ஓரம் உட்கார். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை இருக்கும், வாய்விட்டுப் படித்துக்கொண்டே வா. நடுவில் அது வரலாம். வந்தால் வரட்டும், பஸ் பாட்டுக்கு ஏறட்டும். எத்தனையாவது வளைவில் வந்தது, எத்தனையாவதில் போனது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா
ஏற்காடு